அக்கா இரண்டு முறை வாசிப்பாள்

எங்கள் அக்கா வீட்டுக் கூடத்தில் டிவி இருந்த இடத்தில் இப்போது ஆணித் துளைகளும், சுவரில் பழைய பெயின்ட் நிறம் மாறாத ஒரு கட்டமும்தான் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "ஏன், டிவி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். அக்கா ஆமாம் என்று சொல்லிவிடுவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "டிவி நல்லாத்தான் இருந்துச்சு. அதுல வர்றவங்கதான் ரிப்பேர்" என்பேன். அக்கா என்னை முறைப்பாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று சின்ன வயதிலேயே பெயர் வாங்கியவள் நான். இனி அதை மாற்றிக்கொண்டு யாரிடம் நல்ல பெயர் எடுக்கப் போகிறேன்.

அக்கா டிவி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், "செய்தி வாசிச்சாங்களா, சீரியல்ல நடிச்சாங்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் வந்து, இனி என்ன வரும் என்று சொல்வாள். அதற்கு ஓர் ஆள் வேண்டுமா என்றால், வேண்டும். விருந்தாளியை வாசலில் நின்று உள்ளே கூப்பிட ஒரு மனுஷி வேண்டாமா. அப்போது ஊருக்கே ஒரே நிலையம். சாயங்காலம் ஆரம்பித்து, ஊர் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்துக்கு முடிந்துவிடும். நடுவில் படம் அறுந்துபோனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஓர் அட்டை வரும். மன்னிப்புக் கேட்கிற டிவியை நான் பார்த்திருக்கிறேன் என்றால் என் பேத்தி சிரிக்கிறாள்.

செய்தி முடிந்ததும் 'காணவில்லை' அறிவிப்பு வரும். அதையும் அக்காதான் வாசிப்பாள். காணாமல் போனவரின் படத்தை ஓர் அட்டையில் ஒட்டித் தாங்கியில் நிறுத்துவார்கள். திரை முழுக்க அந்த முகம் மட்டும்தான் இருக்கும். கீழே ஓர் எழுத்து ஓடாது, பின்னால் ஒரு பாட்டு கிடையாது. பெயர், வயது, உயரம், கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு, அடையாளம், யாரிடம் சொல்ல வேண்டும். அக்கா நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். வாசித்து முடித்து, முதலிலிருந்து இன்னொரு முறை வாசிப்பாள்.

ஒரு தடவை போதாதா, நேரம் வீணாகிறதே என்று ஓர் அதிகாரி கேட்டிருக்கிறார். "முதல் தடவை வாசிக்கிறப்ப ஜனங்க திரும்புவாங்க சார். ரெண்டாவது தடவைதான் மூஞ்சியைப் பாப்பாங்க" என்று சொல்லியிருக்கிறாள் இவள். வாசிக்கும்போது அவள் குரலில் ஐயோ பாவம் என்கிற தொனியே இருக்காது. "என்னடி இது, கறிகாய் விலை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறே" என்று நான் கேலி செய்வேன். "அழறது அவங்க வேலை. தெளிவா சொல்றதுதான் என் வேலை" என்பாள். அப்படிக் கிடைத்த ஆட்கள் உண்டு. வாய் பேசாத மகளைத் திரும்பப் பெற்ற தகப்பன் ஒருவர் நிலையத்து வாசலுக்கு வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறார்.

அத்தானைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து டிவி முன்னால் உட்காருவார். அக்கா ஒவ்வொரு முறை வரும்போதும் நிமிர்வார், மற்ற நேரமெல்லாம் பேப்பர் படிப்பார். கடைசியில் அக்கா வந்து, "இத்துடன் இன்றைய நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன. நாளை மாலை மீண்டும் சந்திப்போம். வணக்கம்" என்பாள். அத்தான் எழுந்து, டிவியை அணைத்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை எடுப்பார். அக்கா முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது அவர் நிலையத்தின் கேட்டடியில் நிற்பார். மழை, காய்ச்சல், எதற்காகவும் அது மாறியதில்லை. நிலையத்துக் காவலாளி அவருக்குக் 'கடைசி நிகழ்ச்சி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும், "கடைசி நிகழ்ச்சி வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுப்பாராம்.

"ஏன் அத்தான், அவளுக்கு வீட்டுக்கு வழி தெரியாதா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் அவ இல்லாம வீட்டுக்கு வழி தெரியாது" என்றார். மனிதர் விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

வீடியோ கருவி வந்த புதிதில் ஒன்றை வாங்கி, ஒருநாள் அக்கா வந்ததைப் பதிவு செய்து வைத்தார். ஒரு காணவில்லை அறிவிப்பும், முடித்து வைக்கிற வணக்கமும் அதில் இருந்தன. நிலையத்தில் அவள் முகம் இருக்கிற நாடா ஒன்றுகூட மிச்சமில்லை. ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவு செய்துவிட்டார்கள். அத்தனை வருஷ உழைப்பில் உருப்படியாக மிஞ்சியது அத்தான் வைத்திருந்த அந்தத் துண்டுதான். அக்கா மகன் அதைப் பிறகு தன் ஃபோனில் ஏற்றி வைத்துக்கொண்டான்.

நிலையம் ஊர் நடுவில் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனது. இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் என்றார்கள். ஓயாமல் ஓடுகிறதற்கு இடையில் அறிவிக்க என்ன இருக்கிறது? அக்காவை ஒரு மூலை மேசையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே ஒப்புக்கு இருந்தாள். அப்புறம் சேனல் சேனலாக முளைத்தன. நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஐந்தாவது ஆள் அவர்களைக் கத்த வேண்டாம் என்று கத்துகிறான். விபத்தில் எத்தனை பேர் போனார்கள் என்பதை இடைவேளைக்குப் பிறகு சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டே போகிறாள் ஒருத்தி. சீரியலில் மாமியார் திரும்பிப் பார்த்தால் மூன்று இடிச் சத்தம். இதையெல்லாம் நான் வாய்கிழியத் திட்டுவேன். அக்காவுக்கு ஒரே ஒரு குறைதான்.

"யாரும் எதையும் முடிச்சு வைக்கறதில்லடி" என்பாள்.

அத்தானுக்கு ஞாபகம் மங்க ஆரம்பித்தபோது அந்தக் குறைதான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. சாயங்காலமானால் டிவி முன்னால் போய் உட்காருவார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவரோ திரையைப் பார்த்து, "இன்னும் அவ வரலையே" என்பார். அக்கா வந்து வணக்கம் சொன்னால்தானே அவர் எழுந்திருக்க முடியும். இந்த டிவியில் எது முடிகிறது? விளம்பரம் முடிந்தால் சண்டை, சண்டை முடிந்தால் விளம்பரம். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு மனிதர் உட்கார்ந்திருப்பார். கடைசியில் அக்கா டிவியை அணைத்துவிட்டு, அவர் முன்னால் நின்று, பழைய குரலில், "இத்துடன் இன்றைய நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன. வணக்கம்" என்பாள். உடனே எழுந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சாவியைத் தேடுவார். "நானே வந்துட்டேன், வாங்க சாப்பிடலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போவாள்.

ஒருநாள் மத்தியானம் அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அத்தான் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். இவள் இறங்கி வந்தபோது வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. ஃபோன் மேசையிலேயே கிடந்தது.

தெருத் தெருவாக அலைந்தோம். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். "தேடறோம்மா" என்றார்கள். அது கிணற்றில் போட்ட கல்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அக்கா மகன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அவசரப் பிரிவில் பார்த்தான், பிணவறையிலும் பார்த்தான். வெளியே வந்து வேலியோரம் வாந்தி எடுத்தான். மறுநாளும் தகவல் இல்லை. அக்கா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி, அந்தப் பெரிய சேனல்ல எனக்குத் தெரிஞ்சவன் இருக்கான். அம்மா பேரைச் சொன்னா உடனே போடுவாங்க" என்றான் மகன்.

அக்கா நிமிர்ந்தாள். அவளுக்கு அந்த வேலையில் இருந்த நம்பிக்கை அப்படி. முகத்தைத் திரை முழுக்கக் காட்டி இரண்டு முறை வாசித்தால் ஆள் கிடைப்பார். அவள் கண்ணால் பார்த்த சங்கதி அது.

அன்று மத்தியானமே வந்தார்கள். கேமராக்காரர் ஒருவர், தயாரிப்பாளர் ஒரு பெண். நல்ல பெண்தான். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

"எங்கம்மா உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாங்கம்மா. நீங்க வந்து வணக்கம் சொன்னாத்தான் எங்களைத் தூங்க விடுவாங்களாம்" என்றாள் அந்தப் பெண்.

அக்கா அறிவிப்பை எழுதித் தயாராக வைத்திருந்தாள். "இவர் போட்டோவைத் திரை முழுக்கப் போடணும்மா. கீழ எதுவும் ஓடக்கூடாது. நான் ரெண்டு தடவை வாசிக்கிறேன். வேற எதுவும் கேக்கல" என்றாள்.

"கண்டிப்பாம்மா. ஆனா வெறும் போட்டோவை அவ்வளவு நேரம் வச்சா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. உங்க கதையோட சேத்துச் சொன்னா நிறையப் பேர் பாப்பாங்க."

"என்ன கதை? ஆளைக் காணோம். அதுதானே விஷயம்."

"நீங்க வாசிங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்."

அக்கா வாசித்தாள். எத்தனையோ வருஷம் கழித்து, அதே குரல். கணவர் பெயரைச் சொன்ன இடத்தில்கூடப் பிசிறில்லை. இரண்டாம் முறையும் வாசித்து முடித்தாள். கேமராக்காரரும் அந்தப் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாரும்மா?"

"டீ கேட்டாரு."

"அதை நினைச்சா இப்ப எப்படி இருக்கு?"

"டீ சூடா இல்லன்னு சொன்னாரு. போட்டோவைப் போடுங்கம்மா" என்றாள் அக்கா.

அவள் அழவில்லை. மூலையில் நின்ற நான்தான் அழுதேன். கேமரா சடக்கென்று என் பக்கம் திரும்பியது. கடைசியில் திரையில் அத்தானைவிட எனக்குத்தான் அதிக நேரம் கிடைத்தது. போகும்போது அந்தப் பெண், பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். மகன் ஃபோனில் இருந்ததைக் கொடுத்தான். அப்பாவுக்காகக் கொடுத்தான், அவனை என்ன சொல்ல.

அன்று சாயங்காலம் போட்டார்கள். நாங்கள் மூவரும் இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்து பார்த்தோம். 'தேடித் தந்த குரல் இன்று தேடுகிறது' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பின்னால் ஒரு வயலின் இழுத்துக்கொண்டே இருந்தது. திரை முழுக்க அக்காவின் இளவயது முகம். அத்தான் பதிவு செய்த அந்தத் துண்டு. அதில் அவள் அந்தக் காலத்து யாரோ ஒரு பையனைக் காணவில்லை என்று வாசித்தாள். பிறகு வணக்கம் சொன்னாள். பிறகு நான் அழுதேன். மறுபடி அக்காவின் வணக்கம், இந்தத் தடவை கை மெதுவாகக் குவிகிற மாதிரி. அத்தான் எங்கே என்று பார்த்தேன். இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு தபால்தலை அளவுக்கு இருந்தார். அந்த மூலையின் மேலேயே மெத்தை விளம்பரப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி மட்டும் தெரிந்தது. அக்கா இரண்டு முறை வாசித்ததில் ஒரே ஒரு வரிதான் வந்தது. அந்த வரியில் சட்டை நிறமும் இல்லை, தழும்பும் இல்லை.

"மூஞ்சி தெரியல" என்றாள் அக்கா.

நிகழ்ச்சி முடிவதற்குள் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அக்காதான் பாய்ந்து எடுத்தாள். பழைய ரசிகர்கள். "அந்தக் காலம் மாதிரி வருமா மேடம்" என்றார் ஒருவர். குரலைக் கேட்டாலே போதும், ஒரு வணக்கம் மட்டும் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். அத்தானைப் பார்த்தேன் என்று ஒரு ஜீவன் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடும், ஆளைக் காட்டினால்தானே. அதற்குள் வெளியே மழை பிடித்துக்கொண்டது.

காலையில் போலீஸ் வந்தது. ஊருக்கு வெளியே, பழைய நிலையம் இருந்த இடத்தில் அத்தான் கிடைத்தார். கட்டடத்தை இடித்து வருஷக்கணக்காகிறது. துருப்பிடித்த அந்தக் கேட் மட்டும் நிற்கிறது. குப்பை லாரி ஓட்டுகிறவர் பார்த்திருக்கிறார். கேட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாராம், முழுக்க நனைந்து, சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டுக்கொண்டு. உயிர் போய்ச் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "எப்ப அங்க போனாரு?" போலீஸுக்குத் தெரியவில்லை. வீட்டை விட்டுப் போன அன்றே அங்கே போயிருப்பார் என்றார்கள். அப்படியானால் அங்கே போய்ப் பார்க்க நமக்கு ஏன் தோன்றவில்லை என்று அக்கா தன்னையே பிய்த்துக்கொண்டாள். இல்லாத இடத்தில் போய் யாரைத் தேடுவது என்று நான் சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

அத்தானை வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த அன்று சாயங்காலம் அந்தச் சேனல் மறுபடி போட்டது. 'கண்ணீரில் முடிந்த தேடல்'. இந்த முறை அத்தானின் முகம் திரை முழுக்க. விளம்பரப் பட்டை கிடையாது, மரியாதைக்காகவாம். எழுத்தும் ஓடவில்லை. புருவத்தின் மேல் தழும்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ரிமோட்டை வீசினேன். அது சுவரில் பட்டு உடைந்தது.

மறுநாள் ஓர் அம்மாள் வீடு தேடி வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளோடு வந்தவர்கள் காத்திருக்கும் கூடத்தில் கேன்டீன் நடத்துகிறவள். உள்ளே வந்தவள், மாட்டியிருந்த அத்தானின் படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து டிவில போட்டோ பாத்தேங்க. இவர் எங்க கூடத்துலதாங்க இருந்தாரு" என்றாள்.

அக்கா மகன் சட்டென்று எழுந்து நின்றான். அவன் பிணவறை வரைக்கும் போன ஆஸ்பத்திரி அது.

"எப்ப?" என்றாள் அக்கா.

"ரெண்டு நாளா. அங்க ஒரு பெரிய டிவி இருக்கு, அதுக்கு நேர் கீழ பெஞ்சுல உக்காந்திருந்தாரு. அங்கதான் எல்லாரும் நாள் கணக்கா உக்காந்திருப்பாங்களே, யாரும் கேக்கல. நான்தான் டீயும் பன்னும் குடுத்தேன். யாரைப் பாக்க வந்தீங்க பெரியவரேன்னு கேட்டேன். என் சம்சாரத்துக்கு இங்க வேலை, முடிஞ்சதும் அவளே சொல்லுவா, கூட்டிட்டுப் போகணும்னாரு. நர்ஸம்மா போலருக்குன்னு நினைச்சுட்டேங்க."

"அப்புறம்?"

"அன்னிக்கு சாயங்காலம் உங்களைப் பத்திப் போட்டாங்கல்ல. கூடமே பாத்துச்சு. நானும் பாத்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா யாரைக் காணோம்னு தெரியலங்க, அந்த மூலையில மெத்தைதான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா கைநீட்டிப் பிடிச்சிருப்பேன், அவ்வளவு பக்கத்துல இருந்தாரு."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இவர் எழுந்து நின்னு பாத்தாருங்க. இவ என் பொண்டாட்டின்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டச் சொன்னாரு. அவங்க சிரிச்சாங்க. நீங்க அதுல ரொம்பச் சின்ன வயசா இருந்தீங்கல்ல. அப்புறம் நீங்க, இத்துடன் நிகழ்ச்சிகள் நிறைவடைகின்றன, வணக்கம்னு சொன்னீங்க. உடனே சட்டையை உள்ள விட்டுக்கிட்டு, நேரமாயிடுச்சு, அவ கேட்ல நிப்பான்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாருங்க. மழை வருது பெரியவரேன்னேன். பரவால்லன்னாரு."

நான் வாயைத் திறந்தேன், எனக்கே ஒன்றும் வரவில்லை.

அக்கா நகர்ந்து அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தாள். கையை மடியில் கோத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அந்த அம்மாள் முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.